1/24 கார் பாடியில ஆரஞ்சுத் தோல்: ஏர்பிரஷ்ல வழவழன்னு வர என்ன மாத்தணும்?

#1 சக்கரவட்டம்

தமியா 1/24 பிளாஸ்டிக் மாடல் ஃபெராரி பாடி. கேன்ல வர்ற பிங்க் பிரைமர், அதுக்கு மேல தமியாவோட லேக்கர் பெயின்ட், எல்.பி.-21 இத்தாலியன் ரெட். 0.3 மி.மீ. ஊசி, கிராவிட்டி கப், 3 லிட்டர் டேங்க் வெச்ச கம்ப்ரஸர். பெயின்ட் 1, லேக்கர் தின்னர் 1. ரெகுலேட்டர்ல 25 பி.எஸ்.ஐ. தூரம் ஒரு சாண் இருக்கும். நாலு கோட் ஆச்சு.

கூரையிலயும் பானெட்டுலயும் ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடுபள்ளம், ட்யூப்லைட் பிம்பம் நெளியுது. கதவைத் தொட்டா நரநரன்னு இருக்கு. டெக்கல் (ஒட்டற படம்) இன்னும் போடல. இதுக்கு மேல எல்.பி.-9 கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு அடிச்சா மறைஞ்சிடுமா, இல்ல பெயின்ட்டை முழுசா எடுத்துட்டு முதல்லேருந்து ஆரம்பிக்கணுமா?

#2 ஊசிமுனை

ரெண்டும் வேண்டாம். முதல்ல கோளாறைப் பிரிச்சுப் பாருங்க. கூரையில இருக்கறது ஒண்ணு, கதவுல இருக்கறது இன்னொண்ணு.

கதவுல நரநரப்பு: கூரை அடிக்கும்போது பக்கத்துல பரவின புகை, காத்துலயே காஞ்சு பொடியா வந்து உட்கார்ந்திருக்கு. கூரையில நெளிவு: துளி ஈரமாத்தான் விழுந்திருக்கு, பக்கத்துத் துளியோட சேர்ந்து பரவறதுக்குள்ள இறுகிடுச்சு. கப்புல நீங்க ஊத்தின தின்னர்ல போதுமான பங்கு பாடி வரைக்கும் வந்து சேரல. ரெண்டு கோளாறுக்கும் காரணம் அதுதான்.

ஒரு சாண்ங்கறது ஸ்ப்ரே கேன் பிடிக்கற தூரம். கேன் கொட்டற அளவு ரொம்ப அதிகம், அதனால அவ்வளவு தள்ளி நின்னாலும் ஈரமா போய்ச் சேரும். ஏர்பிரஷ் துளி பொடிசு. துளி பொடிசாக ஆக அதோட உடம்பைவிட மேல்தோல் விகிதம் கூடும், வழியிலயே உலர்ந்துடும்.

நான் மாத்தச் சொல்றது:

கலவை. பெயின்ட் 1-க்குத் தின்னர் 1.5, கடைசி கோட்டுக்கு 2. தின்னர் ரிட்டார்டர் (காயறதைத் தாமதப்படுத்தற சரக்கு) கலந்த வகையா இருக்கணும்: தமியாவோட ரிட்டார்டர் வகை லேக்கர் தின்னர், இல்லன்னா மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர். "பால் பதம்"னு எல்லாரும் சொல்வாங்க, எந்த வீட்டுப் பால்னு யாரும் சொல்ல மாட்டாங்க. கண் அளவை விட்டுட்டு பிப்பெட்டால அளந்து ஊத்துங்க. பெயின்ட் 2 மி.லி., தின்னர் 4 மி.லி., சாதாரண 7 மி.லி. கப்புக்கு அது போதும். பாட்டிலைக் கலக்காம மேல்தண்ணியை மட்டும் உறிஞ்சிட்டா இந்த அளவெல்லாம் அர்த்தமில்லாம போயிடும். அடியில படிஞ்ச நிறமி முழுக்க எழும்பற வரைக்கும் குச்சி விட்டுக் கிண்டுங்க.

அழுத்தம் 15-லேருந்து 18 பி.எஸ்.ஐ.

தூரம். முதல் கோட்டுக்கு 12 செ.மீ. ஈர கோட்டுக்கு நாலு விரல்கடை, அதாவது 6-லேருந்து 8 செ.மீ.

முதல் கோட் வெறும் தூவல். அடியில பிங்க் நல்லாத் தெரியணும். மூட முயற்சி பண்ணாதீங்க, அடுத்த கோட் பிடிச்சுக்க ஒரு பிடிமானம் கிடைச்சா போதும். 10 நிமிஷம் விடுங்க. ரெண்டாவது கோட்ல நிறம் ஏறணும், லேசான பளபளப்பு வரும். 15 நிமிஷம். மூணாவதுதான் ஈர கோட். பாடி ஓரத்துக்கு வெளிய ஆரம்பிச்சு, நிக்காம ஓட்டி, மறு ஓரத்துக்கு வெளிய போய் நிறுத்துங்க. அடுத்த ஓட்டம் முந்தினதுல பாதியை மூடணும்.

ஓட்டும்போது பார்வை ஏர்பிரஷ் மேல இருக்கக் கூடாது. பெயின்ட் விழற இடத்துல விளக்கோட பிம்பத்தைப் பாருங்க. விழுந்த உடனே அந்த இடம் தவளை முதுகு மாதிரி பொடிப்பொடியா இருக்கும், ஒரு நொடி கழிச்சுத் தானா கூடி கண்ணாடியாகும். கூடினா வேகம் சரி. பொடியாவே நின்னுட்டா கையை மெதுவாக்குங்க, இல்ல ட்ரிக்கரை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு இழுங்க. பிம்பம் வழுக்கி அலையற மாதிரி தெரிஞ்சா அதிகமாயிடுச்சு, உடனே அடுத்த பக்கம் போயிடுங்க.

வரிசை: முதல்ல உள் ஓரங்கள், வீல் ஆர்ச், பம்பர் குழிகள். அப்புறம் பக்கவாட்டு, பானெட், பின்பக்கம். கூரை கடைசியில. கூரையை முதல்ல அடிச்சுட்டுக் கதவுக்கு வந்தா, கதவுப் புகை கூரையில படியும்.

#3 பட்டறைக்காரர்

தூரம், கலவை ரெண்டும் சரி. 25 பி.எஸ்.ஐ.யை மட்டும் குற்றவாளி ஆக்காதீங்க. ட்ரிக்கரை அமுக்காம மீட்டர் பார்த்திருந்தா அது சும்மா நிக்கற அழுத்தம். அமுக்கினா 3, 4 இறங்கும். ஹோஸ் நீளமா, மெலிசா இருந்தா இன்னும் இறங்கும். காத்து ஓடிட்டிருக்கும்போதுதான் ரெகுலேட்டரைத் திருப்பி 18 வைக்கணும்.

இன்னொண்ணு. கெட்டிக் கலவையை வெச்சுக்கிட்டு அழுத்தத்தை 10, 12-க்கு இறக்கினா துளி உடையாது. பெருசு பெருசா விழுந்து மணல் தூவின மாதிரி வரும். முதல்ல தின்னரை ஏத்து, அப்புறம் அழுத்தத்தை இறக்கு. பாதிப் பேர் இதைத் தலைகீழாப் பண்ணிட்டு ஏர்பிரஷ்ஷைத் திட்டறாங்க.

0.3 ஊசி கலருக்குப் போதும். கிளியர் கோட்டுக்கு 0.5 இருந்தா வேலை சுலபம். கூரை முழுக்க ஈரம் காயறதுக்குள்ள ஒரே மூச்சுல முடிக்கலாம்.

#4 ரெட்டார்டர்

இதற்குப் பின்னால் உள்ள கணக்கைத் தெரிந்துகொண்டால் எந்தப் பெயின்ட்டுக்கும் பொருந்தும்.

பெயின்ட் படலம் தானாகச் சமனாவதை 1962-ல் ஆர்ச்சர்ட் என்பவர் ஒரு சமன்பாடாக எழுதினார். அதில் நமக்கு வேண்டியவை மூன்று. சமனாகும் வேகம் படலத் தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும்: ஈரப் படலம் இரண்டு மடங்கு தடிமனாக இருந்தால் எட்டு மடங்கு வேகம். பாகுநிலை கூடக் கூட வேகம் அதே விகிதத்தில் குறையும். மேட்டுக்கும் மேட்டுக்கும் உள்ள இடைவெளியின் நான்காம் மடிக்கு ஏற்பவும் குறையும்: இடைவெளி இரட்டித்தால் பதினாறு மடங்கு மெதுவாகும்.

முதல் விதியைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் காயவிட்டு ஆறு மெல்லிய கோட் அடித்தால், எந்த ஒரு கோட்டுக்கும் சமனாகும் தடிமன் கிடைப்பதில்லை. மேட்டின் மேல் மேடாக அடுக்கிக்கொண்டே போகிறோம். "மெல்லிசா, நிறைய கோட்" என்ற அறிவுரை வழியாமல் இருக்கத்தான் உதவும், வழவழப்புக்கு உதவாது. மூன்றாவது விதி, பொடி நரநரப்பு ஏன் அடுத்த ஈர கோட்டில் ஓரளவு மறைகிறது, அகலமான நெளிவு ஏன் எத்தனை கோட் போட்டாலும் போவதில்லை என்பதைச் சொல்கிறது. ஆகவே சக்கரவட்டம் கேட்டதற்குப் பதில்: கிளியர் உங்கள் கதவைக் கொஞ்சம் காப்பாற்றலாம், கூரையைக் காப்பாற்றாது.

அளவையும் யோசியுங்கள். 1/24-ல் அரை மி.மீ. அகலமுள்ள ஒரு மேடு, நிஜக் காரில் 12 மி.மீ. கொப்புளம். நிஜக் கார் பெயின்ட்டிலும் ஆரஞ்சுத் தோல் உண்டு, ஆனால் அதை 24-ஆல் வகுத்தால் கண்ணுக்கே தெரியாது.

#5 சக்கரவட்டம்

ட்ரிக்கரை அமுக்கிப் பார்த்தேன், 21 காட்டுது. நாலு விரல்கடைன்னதும் பயமா இருக்கு. வழிஞ்சுட்டா?

#6 பட்டறைக்காரர்

வழியறதுக்கு மூணு இடம்தான் வழக்கம்: கதவுக்குக் கீழ் ஓரம், வீல் ஆர்ச் மேல்விளிம்பு, பேனல் கோடு. கோட்டுக்குள்ள பெயின்ட் இழுத்துக்கும், ரொம்பினதும் வெளிய ஒழுகும். பிரைமருக்கு முன்னாடியே ஸ்கிரைபரால (கோடு கீறற கருவி) கோட்டை ஆழப்படுத்தியிருந்தா அந்தத் தொல்லை பாதி குறையும். கலர், கிளியர் எல்லாம் ஏறினப்புறம் கோடு ரொம்பிப் போகாம இருக்கவும் அதுதான் வழி.

பாடியை ஸ்டாண்டுல செருகி வெச்சு நீங்க சுத்திச் சுத்தி வராதீங்க. கையில பிடிக்கற மாதிரி உள்பக்கம் கம்பி, இல்ல பாட்டில் ஒட்டிக்கோங்க. கதவு அடிக்கும்போது கதவு வானத்தைப் பார்க்கணும். அடிச்சு முடிச்சதும் உடனே நிமிர்த்தாம, ஒரு நிமிஷம் அப்படியும் இப்படியும் மெதுவா உருட்டிட்டே இருங்க. படுத்த பரப்புல பெயின்ட் எங்க ஒழுகும்?

அப்படியும் வழிஞ்சுதா? தொடாதீங்க. விரல், பிரஷ், டிஷ்யூ எதுவும் வேண்டாம். ரெண்டு நாள் விட்டு, கட்டியான சின்னத் துண்டுல 1500 வாட்டர் பேப்பரைச் சுத்தி அந்த வழிசலை மட்டும் தேயுங்க. சுத்தியிருக்கற இடத்தைத் தேய்ச்சா பள்ளம் விழும். நரநரப்பைவிட வழிசலைச் சரி பண்றது சுலபம். நரநரப்பு பாடி முழுக்க, வழிசல் ஒரு இடத்துல.

#7 கடலோரம்

சென்னையில ஐப்பசி, கார்த்திகை மழையில லேக்கர் அடிச்சா வெள்ளைப் பூத்துப் போகுதே, அது இதே கோளாறா? ஹைக்ரோமீட்டர்ல 85% காட்டுது. கம்ப்ரஸர்ல நீர்ப்பொறி இருக்கு.

#8 ரெட்டார்டர்

இல்லை, அது வேறு. வேகமாக ஆவியாகும் கரைப்பான் பரப்பின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. பரப்பு பனிநிலைக்கு (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) கீழே குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் ஈரப் பெயின்ட்டின் மேல் நுண்துளியாகப் படிந்து உள்ளே சிக்கிக்கொள்கிறது. அந்த வெண்மை அதுதான். உங்கள் நீர்ப்பொறி ஹோஸுக்குள் வரும் தண்ணீரைத்தான் பிடிக்கும், அறையின் காற்றை அது என்ன செய்யும்? 85 சதவீதக் காற்றில் இரண்டு, மூன்று டிகிரி குளிர்ந்தாலே பனிநிலை வந்துவிடும்.

மெதுவாக ஆவியாகும் தின்னருக்கு மாறுங்கள். போதாவிட்டால் ரிட்டார்டர் தனியாக, மொத்தக் கலவையில் 5 முதல் 10 சதவீதம். அதற்கு மேல் போனால் பெயின்ட் நாள்கணக்கில் மிருதுவாகவே இருக்கும், விரல் ரேகை பதியும். ஏ.சி. உள்ள அறையில் அரைமணி நேரம் ஓடவிட்டு ஈரப்பதம் 65-க்குக் கீழ் வந்தபின் அடிப்பது எல்லாவற்றையும்விட நல்லது. ஆனால் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது வெளிக் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும் என்பதால், அடிக்கும் நேரம் சுருக்கமாக இருக்கட்டும்.

ஏற்கெனவே பூத்திருந்தால், காய்ந்த நாளாகப் பார்த்து லெவலிங் தின்னரை மட்டும் 10 செ.மீ. தூரத்திலிருந்து லேசாகத் தூவினால் மேல்படலம் மறுபடி இளகி, சிக்கிய ஈரம் வெளியேறும். பெரும்பாலும் மறைந்துவிடும்.

#9 நத்தை

லெவலிங் தின்னர் விலைக்கு ஹார்டுவேர் கடை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர் ஒரு லிட்டர் வாங்கலாமே. கலக்கக் கூடாதா?

#10 பட்டறைக்காரர்

கழுவறதுக்கு வாங்குங்க, தாராளமா. கலக்க வேண்டாம். அதுல டொலுவீன் மாதிரி கடுமையான கரைப்பான் இருக்கும், பிராண்டுக்குப் பிராண்டு, சில சமயம் டின்னுக்கு டின் கலவை மாறும். பாலிஸ்டைரீனை அது கரைக்கும். வார்க்கும்போது இறுக்கம் தங்கின இடம்னு ஒண்ணு இருக்கு: கூரைத் தூண் வளையற இடம், ஸ்ப்ரூ (பாகங்களைத் தாங்கற பிளாஸ்டிக் சட்டம்) ஒட்டியிருந்த இடம். அங்கதான் முடி மாதிரி வெடிப்பு வரும். பிரைமர் போட்டாலும் ஊடுருவும். மேல போக வேகமா ஆவியாகற சரக்கு, அதாவது நீங்க இப்ப எதைத் தவிர்க்கப் பார்க்கறீங்களோ அதையே காசு குடுத்து வாங்கறீங்க.

கழுவும்போதும் ஒரு எச்சரிக்கை. விலை குறைஞ்ச ஏர்பிரஷ்ல ஊசி போற வழியில ரப்பர் வளையம் இருக்கும், என்.சி.யில ஊறினா உப்பிடும், ட்ரிக்கர் திரும்பி வராது. டெஃப்ளான் வளையம்னா கவலையில்ல.

#11 வெள்ளிமீன்

மேல சொன்ன ஈர கோட் எல்லாம் சாதாரண நிறத்துக்கு. மெட்டாலிக்குக்கு அப்படியே எடுத்துட்டுப் போகாதீங்க, கெட்டுடும்.

சில்வர், மைக்கா எல்லாத்துலயும் தட்டைத் தட்டையா துகள் இருக்கு. படலம் தடிமனா, ரொம்ப நேரம் ஈரமா இருந்தா துகள் உள்ள நீந்தும். ஒரு பக்கம் கூடும், ஓரத்துல கறுக்கும், ஒவ்வொரு ஓட்டமும் புலிக்கோடு மாதிரி தெரியும். கலவை 1-க்கு 2, அழுத்தம் 15, தூரம் 10 செ.மீ., நடுத்தர ஈரம். கடைசியா ஒரு கோட் மட்டும் 13, 14 செ.மீ. தள்ளி, குறுக்கு நெடுக்கா லேசாத் தூவுங்க. அதுதான் புள்ளியையும் கோட்டையும் ஒண்ணாக்கும். லேசா மங்கலா முடியும், முடியட்டும். பளபளப்பு கிளியர்ல வரும். நடுவுல கப்பைக் கலக்கிட்டே இருக்கணும், துகள் சீக்கிரம் அடியில உட்கார்ந்துடும்.

மெட்டாலிக் கலர் கோட்டை ஒருபோதும் தேய்க்கக் கூடாது. தேய்ச்சா துகளோட தலை வெட்டுப்பட்டு அந்த இடம் வேற நிறமா நிக்கும். தூசி விழுந்தா தேய்ச்சுட்டு மறுபடி மெட்டாலிக் தூவணும், வேற வழியில்ல.

#12 ஜன்னலோரம்

ஃப்ளாட்ல லேக்கர் வாடை கட்டுப்படியாகாது. வயேஹோ மாடல் ஏர்ங்கற தண்ணி அக்ரிலிக் பெயின்ட்ல இதே மாதிரி வருமா?

#13 ஊசிமுனை

கலர் வழவழன்னு வரும், லேக்கர் அளவுக்குத் தேய்ச்சுப் பளபளப்பாக்க வராது. ரப்பர் மாதிரி உரிஞ்சுக்கும். அதனால அடிக்கும்போதே சரியா விழணும். அவங்க தின்னர் 20-லேருந்து 30 சதவீதம், ஃப்ளோ இம்ப்ரூவர் ரெண்டு மூணு சொட்டு, 18 பி.எஸ்.ஐ., தூரம் 6 செ.மீ. ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்), லேக்கர் தின்னர் ரெண்டும் அதுல படக் கூடாது, கப்புக்குள்ளயே தயிரா திரியும், நாசிலைக் கழட்டித்தான் எடுக்கணும். ஊசி நுனியில காஞ்சு தொங்கற தொல்லை இதுல அதிகம். ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் ஈரக் காது பஞ்சால நுனியைத் துடைச்சுட்டே இருங்க. ஒரு நாள் முழுக்க விட்டு, தமியா எக்ஸ்-22 கிளியரை எக்ஸ்-20ஏ தின்னர்ல 1-க்கு 1 கலந்து மேல போடலாம்.

வாடை இல்லன்னு முகக்கவசத்தை விட்டுடாதீங்க. என்95 பெயின்ட் துகளைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. லேக்கருக்குக் கரி கார்ட்ரிட்ஜ் வெச்ச அரைமுகக் கவசம்தான்.

#14 சக்கரவட்டம்

சரி, இப்ப கையில இருக்கற பாடிக்கு வர்றேன். தேய்ச்சுட்டு மேல அடிக்கலாமா?

#15 பட்டறைக்காரர்

அடிக்கலாம். ஐ.பி.ஏ.ல ஊற வெச்சு உரிக்கறதெல்லாம் எம்பளம், கோடு எல்லாம் பெயின்ட்டுல மூழ்கிப் போனாத்தான். நாலு கோட்டுக்கு அவசியமில்ல.

ரெண்டு நாள் காயட்டும். மூக்குகிட்ட வெச்சு மோந்து பாருங்க, தின்னர் வாடை அடிச்சா இன்னும் ரெண்டு நாள். 2000 ஸ்பாஞ்சோ வாட்டர் பேப்பரோ, தண்ணியில ஒரு சொட்டு பாத்திரம் கழுவற லிக்விட். அழுத்தாம, ஒரே திசையில. பத்து தடவை தேய்ச்சதும் துடைச்சுட்டு விளக்குல சாய்ச்சுப் பாருங்க. மேடெல்லாம் மங்கியிருக்கும், பள்ளம் மட்டும் புள்ளிப் புள்ளியா மின்னும். மின்னற புள்ளி தீர்ற வரைக்கும் தேய்க்கணும், அதுக்கு மேல ஒரு தேய் தேய்க்கக் கூடாது.

ஓரம்தான் ஆபத்து. ஈரப் பெயின்ட் கூர்முனையை விட்டு விலகி ஓடும், அதனால எந்தக் காரையும் பாருங்க, வீல் ஆர்ச் விளிம்புலயும் பானெட் மடிப்புலயும்தான் பெயின்ட் மெலிசு. அங்க 2 மி.மீ. அகலத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு மீதியைத் தேயுங்க. டேப்பை எடுத்துட்டு அந்த ஓரத்தைக் கடைசியா மூணு நாலு தடவை மட்டும் தடவினா போதும். பிங்க் எட்டிப் பார்த்தா பரவாயில்ல, கலர்தானே அடிக்கப் போறீங்க. வெள்ளைப் பிரைமரா இருந்திருந்தா அந்த இடம் தனியா வெளிறி நின்னிருக்கும். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பிங்க் போடறதோட லாபம் இது.

கதவை இதே ஸ்பாஞ்சால லேசா, பொடி உதிர்ற வரைக்கும் மட்டும். அப்புறம் பாடியைச் சோப்புத் தண்ணியில கழுவி, பேனல் கோட்டுக்குள்ள தங்கின சிவப்புச் சேறை மெதுவான டூத்பிரஷ்ஷால எடுத்து, கவிழ்த்து வெச்சுக் காயவிடுங்க. ஐ.பி.ஏ. போட்டுத் துடைக்காதீங்க. அது வெறும் பிளாஸ்டிக்குக்கு. லேக்கர் மேல தேய்ச்சா மேல்தோல் இளகிப் பஞ்சு ஒட்டும்.

அப்புறம் ஒரு தூவல், ஒரு ஈர கோட். அதோட நிறுத்துங்க. அரைமணி நேரத்துக்குள்ள ரெண்டாவது ஈர கோட் போட்டா புதுத் தின்னர் அடி வரைக்கும் போய் எல்லாத்தையும் இளக்கிடும். அன்னிக்கு அருமையா இருக்கும், ஒரு வாரம் கழிச்சு உள்ள மாட்டின தின்னர் வெளியேறும்போது படலம் அமுங்கி நீங்க தேய்ச்ச கீறலெல்லாம் வரிவரியா மேல தெரியும்.

#16 ரெட்டார்டர்

அதற்கு முன் பிளாஸ்டிக் கரண்டியில் அடித்துப் பார்க்கவும். பாலிஸ்டைரீன் கரண்டியாக இருந்தால் நல்லது, பாடியும் அதே பொருள்தான். குவிந்த முதுகுப்பக்கம் பானெட் வளைவு போலவே நடந்துகொள்ளும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கரண்டிப் பிடியில் கலவை, அழுத்தம், தூரம் எழுதி வையுங்கள்.

#17 சக்கரவட்டம்

நல்ல யோசனை. கிளியருக்கு எல்.பி.-9 போதுமா, ஹார்டனர் கலந்து அடிக்கற 2கே கிளியருக்குப் போகலாமா? பக்கவாட்டுல டெக்கல் இருக்கு.

#18 வெள்ளிமீன்

சிவப்பு மாதிரி சாதாரண நிறத்துக்குக் கிளியரே கட்டாயமில்ல, கலரையே பாலிஷ் பண்ணிடலாம். டெக்கல் இருக்கறதாலதான் உங்களுக்குக் கிளியர் தேவைப்படுது.

எல்.பி.-9 ஆனாலும் மிஸ்டர் கலர் ஜி.எக்ஸ்.100 ஆனாலும் லெவலிங் தின்னர் 1-க்கு 2. டெக்கல் மேல முதல் கோட்டை ஈரமாப் போட்டா டெக்கல் சுருங்கி நெளியும், திரும்ப வராது. டெக்கல் ஒட்டி ஒரு நாள் காயவிட்டு, மேலே தங்கின கோந்தை ஈரத்துணியால ஒத்தி எடுங்க. தூவல் மூணு, நடுவுல 20 நிமிஷம். அன்னிக்கு அதோட சரி. மறுநாள் ஈர கோட் ஒண்ணு, அதுக்கு மறுநாள் இன்னொண்ணு. ஒரு வாரம் கழிச்சு டெக்கல் விளிம்புப் படியை 3000-ல தேய்ச்சு, தமியா காம்பவுண்டு கோர்ஸ், ஃபைன், ஃபினிஷ் வரிசையில. ஒவ்வொண்ணுக்கும் தனித் துணி. கோர்ஸ் பட்ட துணியால ஃபினிஷ் போட்டா அந்த ஃபினிஷ் கோர்ஸ்தான்.

2கே பளபளப்புல லேக்கரைத் தூக்கிச் சாப்பிடும், ஒரு கோட்ல கண்ணாடி. ஆனா அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. ஆவியாவும் துளியாவும் மூச்சுல போனா ஒவ்வாமை உண்டாகி நிரந்தர ஆஸ்துமா வரைக்கும் கொண்டு போகும். வாடையை வெச்சு அளவு கண்டுபிடிக்க முடியாது, கார்ட்ரிட்ஜ் தீர்ந்ததும் தெரியாது. கார் பெயின்ட் கடைகள்ல வெளியிலிருந்து காத்து வர்ற முகமூடி போட்டு அடிக்கற சரக்கு அது. வீட்டு ரூம்ல வேண்டாம்ங்கறது என் கட்சி. லேக்கர் கிளியரும் ஒரு வாரப் பொறுமையும் அதே இடத்துக்குக் கொண்டு போகும், என்ன, முழங்கை வலிக்கும்.

#19 சக்கரவட்டம்

ஆறு கரண்டி ஆச்சு.

1-க்கு 1, 21 பி.எஸ்.ஐ., 20 செ.மீ.: பாடியில வந்த அதே நரநரப்பு.
1-க்கு 1, 21, 7 செ.மீ.: நரநரப்பு போச்சு, நெளிவு இருக்கு.
1-க்கு 2, 21, 7 செ.மீ.: நெளிவு பெரும்பாலும் போச்சு, ஓரத்துல பெயின்ட் சிலந்திக் கால் மாதிரி ஓடுது.
1-க்கு 2, 16, 7 செ.மீ.: கண்ணாடி. ட்யூப்லைட் ஓரம் கத்தி மாதிரி நிக்குது.
1-க்கு 2, 16, 12 செ.மீ.: லேசா மங்கல்.
1-க்கு 3, 16, 7 செ.மீ.: மூடவே மாட்டேங்குது, வழிஞ்சுது.

நாலாவதுதான். ஆனா அதுலயும் ஒவ்வொரு ஓட்டத்தோட தொடக்கத்துல பெரிய புள்ளி ரெண்டு மூணு விழுது. நடுவுல இல்ல, தொடக்கத்துல மட்டும்.

#20 ஊசிமுனை

மூணாவது கரண்டியில நீங்க பார்த்தது ஈரப் பெயின்ட்டைக் காத்து தள்ளிட்டுப் போறது. தண்ணியாக் கலந்தா அழுத்தத்தையும் கூடவே இறக்கணும்ங்கறதுக்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

தொடக்கப் புள்ளிக்குக் காரணம் ட்ரிக்கர் பழக்கம். ஓட்டத்தை முடிக்கும்போது விரலைப் பட்டுன்னு விட்டுடறீங்க, காத்தும் பெயின்ட்டும் ஒண்ணா நிக்குது, நுனியில ஒரு சொட்டு தங்கிடுது. அடுத்த ஓட்டத்துல முதல் காத்து அந்தச் சொட்டைத் தூக்கி எறியுது. டபுள் ஆக்‌ஷன்ல அமுக்கினா காத்து, இழுத்தா பெயின்ட். காத்தை அமுக்கினபடியே வெச்சிருங்க, நாலு ஓட்டத்துக்கும் விட வேண்டாம். ஓரத்துக்கு வெளிய இழுங்க, மறு ஓரத்துக்கு வெளிய முன்னுக்குத் தள்ளி மூடுங்க. காத்து மட்டும் ஓடிட்டே இருக்கும், நுனி சுத்தமா இருக்கும்.

#21 சக்கரவட்டம்

காத்தை விடாம அடிச்சதும் புள்ளி நின்னுடுச்சு. ஒண்ணே ஒண்ணு பாக்கி: ட்ரிக்கரை அமுக்கும்போது கப்புக்குள்ள சின்னச் சின்னக் குமிழி வருது. கவலைப்படணுமா?

#22 பட்டறைக்காரர்

படணும். காத்து நாசிலுக்கு வெளியதான் போகணும், உள்ள வந்து கப்பு வழியா ஏறுதுன்னா நாசில் சரியா உட்காரல, இல்ல வெடிச்சிருக்கு. ஊசியை முதல்ல பின்னுக்கு இழுத்துட்டு, முன்மூடியைக் கழட்டி, நாசில் வாய் வட்டமா இருக்கான்னு லென்ஸ்ல பாருங்க. ஊசியை முன்னுக்குக் குத்தித் தள்ளற கைக்கு வாய் விரிஞ்சு பிளந்திருக்கும். நல்லா இருந்தா, உட்கார்ற இடத்துல காஞ்ச பெயின்ட்டைத் தின்னர் தொட்ட குச்சியால எடுத்துட்டுத் திரும்பப் போடுங்க. திருகு நாசில்னா சாவியை ரெண்டே விரலால பிடிச்சு, தட்டினதும் நிறுத்துங்க. அந்தக் கழுத்து நூல் மாதிரி மெலிசு, கால் திருகு அதிகமானா மரை உள்ளயே முறிஞ்சு தங்கிடும், அப்புறம் ஏர்பிரஷ்ஷோட முன்பாகத்தையே மாத்தணும்.

பாடியை அடிக்கறதுக்கு முன்னாடி இதை முடிச்சிடுங்க. குமிழி வர்ற ஏர்பிரஷ் ஈர கோட்டுக்கு நடுவுலதான் துப்பும்.